லாக்ஸ்டன்: வேலி அடைக்காத ஊரு

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னாடி தெரியுற கோதுமை வயலைப் பாருங்க. வேலி இல்ல, வரப்பும் இல்ல. ஆனா இது ஒரு ஆளு உழுற நிலம் கிடையாது. பல குடியானவங்களோட நீளநீளமான நிலப் பட்டைங்க ஒட்டி ஒட்டிக் கிடக்குது. இது இங்கிலாந்து, நாட்டிங்ஹாம்ஷயர், லாக்ஸ்டன் கிராமம்.

வெஸ்ட் ஃபீல்டு, மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டுனு மூணு பெரிய வயல். ஒண்ணுல குளிர்காலக் கோதுமை, அடுத்ததுல வசந்தகால வெள்ளாமை, மூணாவது தரிசு. வருஷா வருஷம் சுத்தி வரும். பட்டை ஏன் இவ்வளவு நீளம்? அந்தக் காலத்துல எட்டு மாடு பூட்டின ஏரைத் திருப்புறது பெரும்பாடு. திருப்பம் குறையணும்னா சால் நீளணும். 220 கெஜம் நீளம், 22 கெஜம் அகலம்னா ஒரு ஏக்கர். நடுநடுவுல உழ முடியாத சரிவும் ஈரப்பள்ளமும் புல்லாவே கிடக்கும். அதுக்குப் பேரு சைக். அந்தப் புல்லை ஏலம் விடுவாங்க.

இங்க முதல்ல செல்வாக்கா இருந்தது டி கோ குடும்பம், அப்புறம் எவரிங்ஹாம். ஷெர்வுட் அரச காட்டுக்குக் காவல் பொறுப்பே இவங்க கையில இருந்துச்சு. ஊருக்கு வடக்க இருக்கிற மண்மேட்டுக் கோட்டையைப் பார்த்தா அந்த அதிகாரம் புரியும். பின்னால சர் வில்லியம் கோர்ட்டன் ஊரை வாங்கினாரு. அவருக்காக 1635ல மார்க் பியர்ஸ் வரைஞ்ச வரைபடம் இருக்கே, அது பொக்கிஷம்! எந்தப் பட்டை யாரு கையில இருந்துச்சுனு வயல் வயலா காட்டுது. இன்னைக்கு ஆக்ஸ்ஃபர்டு பாட்லியன் நூலகத்துல இருக்கு.

அப்புறம் பியர்பான்ட் குடும்பம். இவங்கதான் மான்வர்ஸ் பிரபுக்கள் ஆனாங்க. 18, 19ஆம் நூற்றாண்டுல நாடு முழுக்க பொது வயலைப் பிரிச்சு வேலி அடைச்சப்ப, இங்க மான்வர்ஸ் நிலமும் ஸ்கார்பரோ பிரபு நிலமும் பின்னிக் கிடந்துச்சு. முதல்ல ரெண்டு பேரும் நிலத்தை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்காம வேலி போட முடியாது. அந்தச் சிக்கலும் செலவும்தான் வயலைக் காப்பாத்துச்சுனு நான் சொல்வேன்.

வரப்பு இல்லாத இடத்துல தகராறு எப்படி வரும்? பக்கத்துப் பட்டையில ஒரு சால் சேர்த்து உழுதா போதும். இல்லேன்னா பொதுப் பாதையைக் கடிச்சு உழுறது. அதைப் பார்க்கத்தான் ஊர்க்காரங்க குழு ஒண்ணு, அதாவது ஜூரி. நவம்பர் கடைசியில, புதுசா கோதுமை விதைச்ச வயலை நடந்து பார்த்து, எல்லை தப்பின இடத்துல முளைக்குச்சி அடிப்பாங்க. அடுத்த வாரம் டவ்கோட் இன்ங்கிற விடுதியில கோர்ட் லீட்ங்கிற ஊர் நீதிமன்றம் கூடி அபராதம் போடும். சட்டப்படி உயிரோட இருக்கிற நீதிமன்றம் இது.

1952ல மான்வர்ஸ் பிரபு ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு வித்தாரு. 1981ல அரசச் சொத்துகளைப் பார்த்துக்கிற கிரவுன் எஸ்டேட் கைக்குப் போச்சு. 2020ல தோர்ஸ்பி எஸ்டேட் வாங்குச்சு, அதாவது பியர்பான்ட் வம்சத்துக்கே திரும்பிடுச்சு.

நவம்பர் முடிஞ்சு வந்தீங்கன்னா, அந்த வருஷம் கோதுமை எந்த வயல்ல இருக்குனு கேட்டுட்டுப் போங்க. புது முளைக்குச்சிங்க அங்கதான் நிக்கும். பாதையை விட்டு இறங்காதீங்க, காலுக்குக் கீழ விதைப்பு இருக்கு.