பொந்து தேடிப் பறக்கும் குருவி

அவையோருக்கு வணக்கம்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் பூக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள். புதரோரம், தாழ்ந்த கிளையில், சிட்டுக்குருவியைவிடச் சிறிய ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். சிறகைத் தளரவிட்டு, வாலை வெடுக்கென்று தூக்கும். தரையில் குதித்து ஒரு பூச்சியைக் கொத்திக்கொண்டு கிளைக்குத் திரும்பும். ஆணாக இருந்தால் தொண்டையும் மார்பும் செங்கல் சிவப்பு. அதன் இரு பக்கமும் மை தீட்டினாற்போல ஒரு கறுப்புக் கரை. அந்தக் கரைதான் அடையாளம். கரை இல்லையென்றால் நீங்கள் பார்த்தது அதன் பங்காளி ஒருவனாக இருக்கலாம்!

இதுதான் காஷ்மீர் ஈப்பிடிப்பான். அக்டோபர் வாக்கில் இலங்கை மலையகத்துக்கு வரும். சில நீலகிரியிலும் தங்கும். மார்ச் கடைசியில் புறப்பட்டுவிடும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். பாட்டுக்காரக் குருவிதான், ஆனால் பாட்டெல்லாம் காதலிக்கும் பருவத்துக்கு. இங்கே நம் காதில் விழுவது பெரும்பாலும் 'டக், டர்ர்' என்ற அதட்டல்.

இங்கே இதைப் பார்க்கும்போது கவலை வராது. தேயிலைத் தோட்டம், பூங்கா, காட்டோரம் என்று கிடைத்த இடத்தில் பிழைத்துக்கொள்கிறது. அந்தத் தாராளம்தான் நம்மை ஏமாற்றுகிறது என்பேன். குடித்தனம் நடத்த மட்டும் இது விட்டுக்கொடுக்காது. காஷ்மீர், பீர் பஞ்சால் மலைகளில், சுமார் 1,800 மீட்டருக்கு மேலே, அக்ரூட்டும் காட்டுச் செர்ரியும் கலந்து நிற்கும் இலையுதிர் காடு வேண்டும். கீழே அடர்ந்த புதர் வேண்டும். முட்டையிட மரப்பொந்து வேண்டும். பொந்து விழ மரத்துக்கு வயதாக வேண்டும். அப்படி முதிர்ந்த மரங்களைத்தான் கோடரி முதலில் தேடுகிறது. எஞ்சிய காட்டின் அடிப்புதரை ஆடுமாடு மேய்ந்துவிடுகிறது, சரிவுகள் வயலாகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியும் ஆபத்துள்ள இனங்களில் சேர்த்திருப்பது இதனால்தான்.

விக்டோரியா பூங்காவில் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு நமக்குப் பிடிபடாது. அக்டோபரில் ஒரு குருவி குறைந்தால், அது மே மாதத்தில் வடக்கே ஏதோ ஒரு சரிவில் சாய்ந்த மரமாகக்கூட இருக்கலாம்.