இரவல் இல்லை, கட்டிய இசை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "2000-ஐ ஒட்டி நடன மன்றங்களை ஆண்ட ஹவுஸ் இசை படைப்பா, இரவலா?" என்பது தலைப்பு. ஹவுஸ் என்பது நடன மன்றங்களுக்காக மின்னணுக் கருவிகளில் கட்டும் ஆட்ட இசை. படைப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். பழைய டிஸ்கோ தட்டிலிருந்து இரண்டு விநாடியை உருவி ஆறு நிமிடம் சுற்றவிட்டால் அது இசையா என்று கேட்டார். அந்த இரண்டு விநாடியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நிமிடத்துக்கு 126 தாள அடி என்று வேகத்தை வைத்துக்கொள்வோம். நான்கு அடி ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு 1.905 விநாடி. எடுக்கும் பழைய பாட்டு 118-ல் ஓடுகிறது என்றால், சாம்ப்ளரில், அதாவது ஒலித்துண்டைப் பதிந்து திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவியில், அதை 126-க்கு ஏற்றும்போது சுருதியும் கூடவே ஏறும், அரைக்கட்டைக்குச் சற்று மேலே. சரியாக அரைக்கட்டை என்றால் தொல்லை இல்லை. இது இரண்டு சுரத்துக்கும் நடுவில் போய் நிற்கும். புதிதாகச் சேர்க்கிற பேஸ் எனும் கனத்த கீழ்ச்சுருதி ஒலி, கீபோர்டு எல்லாவற்றையும் அதே அளவு நகர்த்தி ட்யூன் செய்யாவிட்டால் பாட்டு முழுக்கப் பிசிறடிக்கும். வேகத்தை மட்டும் மாற்றும் வசதி சில கருவிகளில் இருந்தது. ஆனால் அதில் தாளத்தின் முனை மழுங்கிப்போகும்.

அடுத்தது நினைவகம். அன்று பலர் விரும்பிய ஈ-மு எஸ்பி-1200 சாம்ப்ளரில் மொத்தம் 10 விநாடிதான் பதியலாம், ஒரு துண்டு 2.5 விநாடிக்கு மேல் போகாது. நிமிடத்துக்கு 33 முறை சுழலவேண்டிய தட்டை 45-ல் ஓட்டிப் பதிந்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். அதே 2.5 விநாடியில் ஏறக்குறைய 3.4 விநாடி இசை அடங்கியது. ஒலியைக் குறைந்த நுணுக்கத்தில் பதியும் அந்த 12 பிட் கருவியில் அப்படிக் குறைக்கும்போது ஒரு கரகரப்பு வரும். அந்தக் கரகரப்பையே அந்த இசையின் நிறமாக மாற்றியது யாருடைய காது?

வெட்டும் இடம் ஒலியலையின் பூஜ்யக் கோட்டில் விழாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று கேட்கும். துண்டு கொஞ்சம் குட்டையானால் சுற்றின் கடைசியில் ஓட்டை. பழைய பாட்டின் டிரம்மும், புதிதாக வைக்கும் கிக் எனும் பெரிய டிரம் அடியும் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தால் இரட்டைத் தட்டாகக் கேட்டு, அடியொலி சேறாகும். அதனால்தான் ஃபில்டர் போட்டுப் பழைய அடியொலியை அறுத்தெறிந்துவிட்டு, கிக்கையும் பேஸையும் புதிதாக வைக்கிறார்கள்.

பிறகு, ஒலியின் ஏற்றத்தை அமுக்கும் கம்ப்ரஸர். கிக் விழும் நொடியில் மற்ற எல்லாம் அமுங்கி, அடுத்த கிக்குக்குள் மேலே எழவேண்டும். இரண்டு கிக்குக்கும் இடையே 476 மில்லி விநாடிதான். எழுவது தாமதித்தால் இசை மூச்சுத்திணறும், அவசரப்பட்டால் அந்த ஊசலாட்டமே காணாமல் போகும். ஆடுகிறவர் உடலைப் பிடித்து இழுப்பது அந்த ஊசலாட்டம். பழைய தட்டில் அது இல்லை.

1998-இல் வந்த ஸ்டார்டஸ்ட் குழுவின் 'மியூசிக் சவுண்ட்ஸ் பெட்டர் வித் யூ'வில் சாக்கா கான் 1981-இல் பாடிய 'ஃபேட்' பாட்டின் கிட்டார் துண்டு இருக்கிறது. ஸ்டார்டஸ்டின் அந்தப் பாட்டு அமெரிக்க இதழான பில்போர்டின் நடன மன்றப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பட்டியல் விற்பனையை எண்ணியதல்ல. எதற்குக் கூட்டம் ஆடியது என்று டிஜேக்கள் தந்த அறிக்கையை எண்ணியது. பிரெஞ்சு இரட்டையரான டாஃப்ட் பங்கின் 'ஒன் மோர் டைம்' 2000 நவம்பரில் வந்தது. அதில் எடி ஜான்ஸின் 1979-ஆம் ஆண்டுப் பாட்டைப் பொடிப்பொடியாக நறுக்கி, வரிசையையே மாற்றி அடுக்கியிருக்கிறார்கள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் இதே எடி ஜான்ஸைச் சொல்லித்தான் நெஞ்சைத் தொட்டார். வீடில்லாமல் இருந்த அந்தப் பாடகருக்கு அந்தச் சாம்பிளுக்காக, அதாவது எடுத்த துண்டுக்காக, எந்தப் பணமும் வந்து சேரவில்லை என்று 2021-இல் செய்தி வந்தது உண்மை. அது அநியாயம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது கூலி போய்ச்சேரும் வழியில் நேர்ந்த அநியாயம், கட்டிய வேலையின் குறை அல்ல. அதே 2000-இல் மோஜோவின் 'லேடி' ஷிக் குழுவின் கிட்டாரை எடுத்துக்கொண்டது. அதை எழுதியவர்கள் வரிசையில் ஷிக் குழுவின் நைல் ரோட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் பெயர்கள் இருக்கின்றன. நேர்மையாகக் கொடுக்க வழி அன்றே இருந்தது.

"அசல் தட்டையே போட்டு ஆடவேண்டியதுதானே?" என்றும் கேட்டார்கள். டிஜேக்கு அங்கேதான் சிக்கல். டிஸ்கோ தட்டில் வாசித்தது பெரும்பாலும் மனிதக் கை. பாட்டு போகப்போக வேகம் கொஞ்சம் ஏறும், இறங்கும். டிஜேக்கள் பயன்படுத்தும் டெக்னிக்ஸ் தட்டுச்சுழலியில் வேகத்தை 8 சதவீதம் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் அலைகிற தாளத்தை அந்த வசதி கட்டிப்போடாது. விரலால் தட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். புதுத் தட்டு கடைசிவரை 126-இலேயே நிற்கும். 12 அங்குலத் தட்டுப் பதிப்பின் தொடக்கத்தில் டிஜே முந்தைய பாட்டோடு இணைப்பதற்கென்றே 32 சுற்று வெறும் தாளம் வைப்பது வழக்கம், கணக்குப் போட்டால் 61 விநாடி. சாம்பிள் அப்போது இன்னும் நுழைந்தே இருக்காது. ஆனாலும் தளத்தில் யாரும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. அந்த 61 விநாடியை யார் வீட்டிலிருந்து இரவல் வாங்கினார்கள் என்று அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் சொல்லட்டும், நடுவர் அவர்களே.