பதிவேட்டில் ஏறாத இருமல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்டு நள்ளிரவிலேயே நடைமுறைக்கு வந்த ஊரடங்கு எத்தனை உயிர்களைக் காத்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் செல்லப்போவதில்லை. கொரோனா எண்ணிக்கையை மாலைதோறும் கேட்டுக்கொண்டிருந்த அந்த மாதங்களில் நாம் கேளாமலே விட்ட வேறோர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறேன்.

இந்தியாவில் 2019இல் ஏறத்தாழ 24 லட்சம் காசநோயாளிகள் பதிவு செய்யப்பட்டனர். 2020இல் பதிவானவர்கள் 18 லட்சம் பேரே. ஓராண்டில் நோய் கால்பங்கு குறைந்துவிட்டதாக எந்த மருத்துவரும் நம்பமாட்டார். பேருந்துகள் ஓடவில்லை, காசநோய்ப் பிரிவு ஊழியர்கள் பலர் கொரோனா பணிக்கு அனுப்பப்பட்டனர், சளியில் கிருமியைக் கண்டறியும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகளும் பல இடங்களில் அவர்களோடு போயின. இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் தனிமைப்படுத்திவிடுவார்கள் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. ஊரடங்கே இல்லாதிருந்தாலும் அந்த அச்சம் இருந்திருக்கும் என்பதால், முழுப் பழியையும் ஊரடங்கின்மீது சுமத்துவது நியாயமாகாது.

வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்ளும் காசநோயாளி சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவரைப் போலவே குணமடைகிறார், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்பதை 1950களின் இறுதியில் உலகுக்கு நிறுவிக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு மருந்தினால் வருவது. ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களுக்கு ஒரு மாத மாத்திரைகளை மொத்தமாகக் கொடுக்கவும், முடிந்த இடங்களில் வீட்டுக்கே கொண்டுசேர்க்கவும் ஏற்பாடு செய்தார்கள், அது பாராட்டத்தக்கது. நோய் இன்னும் கண்டறியப்படாதவருக்கோ மாத்திரையும் இல்லை, அவரைத் தேடி வர ஆளும் இல்லை. ஒற்றை அறை வீட்டில், மனைவி மக்களோடு, மாதக்கணக்கில் இருமிக்கொண்டு அடைபட்டுக் கிடந்தவர் அவர்தான்.

உலக அளவில் காசநோய் மரணங்கள், பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிவந்த பின், 2020இல் மீண்டும் ஏறி 15 லட்சத்தை எட்டின. நம் நாட்டில் 2022இல் பதிவு மறுபடியும் 24 லட்சத்தைத் தாண்டியதைச் சுட்டிக்காட்டி, எல்லாம் சரியாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். தாமதமாகக் கண்டறியப்பட்டவரின் நுரையீரல் அதற்குள் எந்த நிலையில் இருந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

அவசர காலத்தில் கருவிகளை இடம் மாற்றியதையே குற்றமென்று நான் கருதவில்லை. மாற்றுகின்ற ஆணையிலேயே, அவை எந்தத் தேதியில் திரும்பும், அதுவரை சளி மாதிரிகளை எங்கே அனுப்புவது என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதவேண்டும் என்றே கேட்கிறேன்.

நன்றி, வணக்கம்.