10 கோப்பையா, 101 வெற்றியா? மார்ச் மேட்னஸோட உண்மையான ராஜா யாரு?

2018 மார்ச் 16, ராத்திரி. அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல இருக்கிற சார்லட் நகரம். மார்ச் மேட்னஸ்ங்கிற தேசிய காலேஜ் பாஸ்கெட்பால் போட்டியில ஒரு மேட்ச். ஹாஃப் டைம்ல ஸ்கோர் 21–21.

ஒரு பக்கம் வர்ஜீனியா பல்கலைக்கழகம், அப்போ நாட்டிலேயே நம்பர் ஒன் டீம். இன்னொரு பக்கம் யூஎம்பிசி, மேரிலாண்ட் மாநிலத்துல இருக்கிற ஒரு பல்கலைக்கழகம். அதே சீசன்ல ஒரு மேட்ச்ல 44 பாயின்ட் வித்தியாசத்துல தோத்த டீம். சீட் (seed)னா டீமோட பலத்தைப் பார்த்து போட்டிக்கு முன்னாடி குடுக்கிற வரிசை எண். ஆண்கள் போட்டியில முதல் சீட் டீமும் பதினாறாவது சீட் டீமும் அதுவரைக்கும் 135 தடவை மோதியிருக்கு. 135 தடவையும் முதல் சீட்தான் ஜெயிச்சிருக்கு. அன்னைக்கு கடைசி ஸ்கோர் 74–54. ஜெயிச்சது யூஎம்பிசி!

கோர்ட் ஓரமா நின்ன வர்ஜீனியா கோச் பேரு டோனி பென்னட். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, வீடியோ கடைசியில இவர்கிட்டதான் திரும்பி வரப்போறோம்.

வணக்கம் நண்பர்களே!

[திரையில்: 68 டீம்களோட டிரா அட்டவணை]

போட்டி எப்படின்னு வேகமா பார்த்துடலாம். என்சிஏஏங்கிற அமெரிக்க காலேஜ் விளையாட்டு அமைப்பு நடத்துற போட்டி, மார்ச்ல நடக்கிறதால செல்லப்பேரு மார்ச் மேட்னஸ். 1939-ல 8 டீமோட ஆரம்பிச்சது, 1985-ல 64 ஆச்சு, 2011-ல 68 ஆச்சு. ஒரு மேட்ச் தோத்தா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கப் வேணும்னா வரிசையா 6 மேட்ச் ஜெயிக்கணும். அவ்வளவுதான்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச சண்டைக்கு வருவோம்.

ஜான் வுடன், லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கிற யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தோட கோச். 10 கோப்பை. அதுல 1967-லிருந்து 1973 வரைக்கும் தொடர்ந்து 7. இன்னொரு பக்கம் மைக் ஷஷெஃப்ஸ்கி, டியூக் பல்கலைக்கழகத்தோட கோச். அந்தப் பேரு வாயில நுழையாம அமெரிக்கர்களே "கோச் கே"ன்னுதான் கூப்பிடுவாங்க. அவருக்கு 5 கோப்பை. ஆனா இந்தப் போட்டியில மொத்தம் 101 வெற்றி, 13 தடவை ஃபைனல் ஃபோர், அதாவது அரையிறுதி. ரெண்டுமே ரெக்கார்டு.

10 பெருசா 5 பெருசான்னு கேட்டா சின்னக் குழந்தைகூட பதில் சொல்லிடும். ஆனா கோச் கே ரசிகர்கள் கையில ஒரு நல்ல வாதம் இருக்கு. வுடன் காலத்துல போட்டியில 20 சொச்சம் டீம்தான். முதல் 9 கோப்பைக்கும் அவர் டீம் தலா 4 மேட்ச் ஜெயிச்சா போதுமா இருந்தது. கோச் கே ஒவ்வொரு கோப்பைக்கும் 6 ஜெயிக்கணும். ரெண்டே ரெண்டு மேட்ச்தானே கூடன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க.

[திரையில்: கரும்பலகை]

ஒரு டீமுக்கு ஒவ்வொரு மேட்ச்லயும் ஜெயிக்க 80 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னு வெச்சுக்குவோம். ரொம்ப நல்ல டீம். தொடர்ந்து 4 மேட்ச் ஜெயிக்க அதுக்கு 41 சதவீதம் வாய்ப்பு. தொடர்ந்து 6 ஜெயிக்க? 26 சதவீதம்தான்! அதே டீம், அதே கோச், அதே பசங்க. ரெண்டு மேட்ச் கூடினதும் வாய்ப்புல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடுது.

அப்போ வுடனுக்கு எல்லாம் சுலபமா கிடைச்சதா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். அவரோட இன்னொரு நம்பரைப் பார்த்ததும் மாறிட்டேன். அது 38.

1964-ல 4 வெற்றி, கப். 1965-ல 4 வெற்றி, கப். 1966-ல போட்டிக்கே போக முடியல, ஏன்னா அப்போ அவங்க லீக்ல சாம்பியன் ஆன டீமுக்கு மட்டும்தான் இடம். அந்த வருஷம் ஓரிகன் ஸ்டேட் சாம்பியன். ரெண்டு வருஷமா கப்பை கையில வெச்சிருந்த டீம் வீட்டுல உட்கார்ந்திருந்தது! அப்புறம் 7 வருஷம், வருஷத்துக்கு 4, மொத்தம் 28. 1974-ல இன்னும் 2. எல்லாம் கூட்டுங்க, தொடர்ந்து 38 வெற்றி. கடைசியில 1974 அரையிறுதியில ரெண்டு ஓவர்டைம் வரைக்கும் போய் என்சி ஸ்டேட்கிட்ட தோத்தாங்க.

இப்போ அதே கரும்பலகைக் கணக்கு. ஒவ்வொரு மேட்சுக்கும் 90 சதவீதம் வாய்ப்பு குடுத்தாலும், தொடர்ந்து 38 ஜெயிக்கிறது 100-ல 2 தடவைகூட நடக்காது. 95 சதவீதம் குடுத்தாலே 14 தடவைதான். டீம் எண்ணிக்கை குறைவுங்கிற வாதம் 10 கோப்பையைக் கொஞ்சம் சின்னதாக்கலாம். இந்த 38-ஐ அதால தொடக்கூட முடியல. வுடனைப் பத்திப் பேசினா எல்லாரும் 10-ஐச் சொல்றாங்க. சொல்ல வேண்டியது 38-ங்க!

ஆமா, அவர்கிட்ட அல்சிண்டர் இருந்தார், பின்னாடி கரீம் அப்துல் ஜப்பார்னு உலகமே கொண்டாடினவர். பில் வால்டன் இருந்தார். 1973 ஃபைனல்ல 22 ஷாட் போட்டு 21-ஐ உள்ளே தள்ளினவர். அப்பேர்ப்பட்ட ஆளுங்க இருந்தா யாரு வேணும்னாலும் ஜெயிக்கலாம்னு சொல்றவங்களுக்கு நான் ஒரு காட்சியைக் காட்டணும்.

சீசனோட முதல் நாள் பிராக்டிஸ். நாடு முழுக்கத் தேடிப் பிடிச்ச பசங்க, கோச் என்ன ரகசியம் சொல்லப் போறாரோன்னு உட்கார்ந்திருக்காங்க. வுடன் ஷூவையும் சாக்ஸையும் கழட்டுறார். எப்படிப் போடணும்னு சொல்லிக் குடுக்கிறார். சாக்ஸை மேல இழு. சுண்டுவிரல் கிட்ட விரலால தடவிப் பாரு, சுருக்கம் இருக்கக் கூடாது. குதிகால்லயும் தடவு. சாக்ஸைப் பிடிச்சுக்கிட்டே ஷூவுக்குள்ள காலை விடு. லேஸை ஒவ்வொரு ஓட்டையா கீழேருந்து இறுக்கிட்டு வா, கடைசியில ரெட்டை முடிச்சு.

ஏன் தெரியுமா? சுருக்கம் இருந்தா கொப்புளம் வரும். கொப்புளம் வந்தா பையன் பிராக்டிஸை விடுவான். இந்தப் பாடத்தை ஒவ்வொரு வருஷமும் நடத்தினார், போன வருஷம் கப் ஜெயிச்ச பசங்களுக்கும் சேர்த்து. இன்னொண்ணு. யூசிஎல்ஏவுக்கு 1948-ல வந்த மனுஷன் முதல் கப்பைத் தொட்டது 16-வது சீசன்ல. கோச் கேயும் டியூக்ல முதல் மூணு சீசன்ல 38 வெற்றி, 47 தோல்வி. அப்பவே ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தா இந்த வீடியோவே இல்ல.

நீங்க யாரு பக்கம்? வுடனா, கோச் கேயா? கமென்ட்ல காரணத்தோட எழுதுங்க, நான் எல்லாத்தையும் படிக்கிறேன்.

கப்பே ஜெயிக்காத பெரிய கோச் யாருன்னா கொன்சாகாவோட மார்க் ஃபியூ. 2021-ல 31 மேட்ச் தோல்வியே இல்லாம ஃபைனல் வந்து பெய்லர்கிட்ட தோத்தார். 2023 நவம்பர்ல அகமதாபாத் ஃபைனலைப் பார்த்த நமக்கு அந்த வலி புரியும். யூகானோட டான் ஹர்லி 2023, 2024 ரெண்டு வருஷமும் கப் ஜெயிச்சார். 12 மேட்ச், பன்னிரண்டுமே 10 பாயின்டுக்கு மேல வித்தியாசம்!

சரி, பென்னட் கதைக்கு வருவோம்.

வர்ஜீனியா ஏன் அப்படித் தோத்தது? ஒரு முக்கிய ஆட்டக்காரர், டிஆன்ட்ரே ஹன்டர், காயத்தால ஆடல. ஆனா எனக்கு சுவாரசியமா படுற காரணம் பென்னட்டோட பாணி. அவர் டீம் நாட்டிலேயே ரொம்ப மெதுவா ஆடும். பந்தைக் கையில வெச்சு நேரத்தைக் கடத்தி, டிஃபென்ஸால ஜெயிக்கும். மெதுவா ஆடினா மேட்ச்ல வர்ற வாய்ப்புகள் ரெண்டு பக்கத்துக்குமே குறையும். டெஸ்ட் மேட்ச்ல சின்ன டீம் பெரிய டீமைக் கவிழ்க்கிறது கஷ்டம், டி20-ல ரெண்டு ஓவர் நல்லா அமைஞ்சா போதும் இல்லையா? அதே கதைதான். பெரிய டீமா இருந்துக்கிட்டு பென்னட் ஒவ்வொரு மேட்சையும் டி20 ஆக்கினார்.

பாணியை மாத்துங்கன்னு எத்தனையோ பேர் சொன்னாங்க. அவர் மாத்தல. அவர் டீம்ல ஆடின கைல் கய்ங்கிற பையன், அன்னைக்கு தோத்து குனிஞ்சு நிக்கிற தன்னோட போட்டோவையே போன் வால்பேப்பரா வெச்சுக்கிட்டான்.

2019. மறுபடியும் முதல் சீட், மறுபடியும் முதல் மேட்ச் பதினாறாவது சீட்கூட. முதல் பாதியில 14 பாயின்ட் பின்னாடி! அரங்கத்துல எல்லாருக்கும் போன வருஷம்தான் கண்ணு முன்னாடி. எப்படியோ மீண்டு வந்து ஜெயிச்சாங்க. அப்புறம் அரையிறுதி, ஆபர்ன்கூட. 2 பாயின்ட் பின்னாடி, மிச்சம் 0.6 செகண்ட். ஃபவுல். வர்ஜீனியாவுக்கு மூணு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காம போடுற ஷாட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாயின்ட். போட வேண்டியது யாரு? அதே கைல் கய். 70,000 பேருக்கு மேல பார்த்துக்கிட்டிருக்காங்க. முதல்ல ஒண்ணு உள்ளே. ரெண்டாவதும் உள்ளே. பையனோட மனசைக் கலைக்க ஆபர்ன் கோச் டைம் அவுட் எடுக்கிறார். திரும்பி வந்து மூணாவதையும் போட்டான். 63–62. ரெண்டு நாள் கழிச்சு, ஃபைனல்ல ஓவர்டைம்ல 85–77. அமெரிக்காவோட சாம்பியன், போன வருஷம் ஊரே சிரிச்ச அதே கோச்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு சிலிர்க்குது.

பென்னட் 2024 அக்டோபர்ல, சீசன் தொடங்க சில வாரம் இருக்கும்போது ஓய்வை அறிவிச்சார். 2025 மார்ச்ல வர்ஜீனியா புது கோச்சா ரையன் ஓடமைத் தேர்ந்தெடுத்தது.

[திரையில்: 2018, சார்லட், யூஎம்பிசி பெஞ்ச்]

அந்த ராத்திரி எதிர்ப்பக்கம் யூஎம்பிசிக்கு கோச்சா நின்னாரே, அவர்தான்.