சிறகை விரிக்க இடம் வேண்டும்

விழாத் தலைவர் அவர்களே, கண்காட்சியைத் திறந்துவைத்த மூத்த ஓவியர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ராத்திரி முழுக்க நின்று படங்களை மாட்டிய இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். சுருக்கமாகப் பேசி எனக்கு நேரம் விட்டுத்தந்த முந்தைய பேச்சாளர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

சேவல், கோழி, வாத்து மூன்றும் கலையில் எதைக் குறிக்கின்றன என்று சொல்ல வந்தேன். சேவலுக்குப் பெருமை அதிகம். முருகன் கொடியில் அதுதான். ஐரோப்பியத் தேவாலயக் கோபுரத்து உச்சியில் நிற்கும் சேவல், இயேசுவைத் தெரியாது என்று அவர் சீடர் பேதுரு மூன்று முறை மறுதலித்தபின் கூவிய சேவலை நினைவூட்டுகிறது. விழிப்பு, விடியல், வீரம் எல்லாம் அதற்கே.

கோழிக்கு? இத்தாலியின் மோன்சா பேராலய அருங்காட்சியகத்தில் தங்க முலாம் பூசிய வெள்ளிக் கோழி ஒன்று ஏழு குஞ்சுகளோடு நிற்கிறது. திருச்சபையும் அதன் மக்களும் என்பார்கள் சிலர். அரசியும் அவள் ஆண்ட நிலங்களும் என்பார்கள் வேறு சிலர். எனக்கு அது தாய். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

ஒரு கதை சொல்கிறேன். ஜப்பானின் கியோட்டோவில் 1716இல் பிறந்தவர் ஓவியர் இத்தோ ஜகுச்சு. காய்கறி மொத்த வியாபாரக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. கடையில் மனம் ஒட்டவில்லை. நாற்பது வயது வாக்கில் தம்பியிடம் கடையை ஒப்படைத்துவிட்டார். சரி, அப்புறம் என்ன செய்தார்? படம் வரைவதற்காகவே முற்றம் நிறையக் கோழிகளை வளர்த்தார். எடுத்ததும் தூரிகையைத் தொடவில்லை. அவை கொத்துவதை, கிளறுவதை, திரும்பிப் பார்ப்பதை, சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் வரைந்தார். ஒரே பட்டுத்துணியில் 13 கோழிகள்! ஒன்றின் இறகு மற்றொன்றைப் போல் இருக்காது.

இன்று அவர் வந்தால் எதைப் பார்த்து வரைவார்? கூண்டுப் பண்ணையில் ஒரு முட்டைக்கோழிக்குக் கிடைப்பது ஏ4 தாள் அளவுகூட இல்லாத இடம். சிறகை விரிக்க முடியாது. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நம் முன்னோர் கேட்டது, இரண்டும் ஒரே முற்றத்தில் மேய்ந்த காலத்தில். கூண்டுக்கோழி தன் குஞ்சைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அந்த வெறுங்கூண்டுகளுக்குத் தடை போட்டது. மற்ற நாடுகளும் போடட்டும். வெளியே மேசையில் மனு இருக்கிறது; தலைவர் ஐயா முதல் கையெழுத்திட வேண்டும். நான் உரிமையோடு கேட்கிறேன், ஐயா கோபிக்க மாட்டார்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

வாத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. மனுவை வாசிக்கிறேன், அனுமதியுங்கள்.