ஒற்றைக் கொம்பும் முருங்கைக்கீரை ரசமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வேலையைப் பற்றி, பொழுதுபோக்கைப் பற்றி, வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தில் கேட்டார்கள். நம் மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் வெப்சைட் கட்டுகிற வேலை எனக்கு. வீட்டுக்கு வந்தால் அடுப்படி. லீவு நாளில் கால் சும்மா இருக்காது, மலைப் பக்கம் கிளம்பிவிடுவேன். சமையலில் தொடங்கி, வேலைக்குப் போய், மலையில் முடிப்பதாகக் குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். அடுப்பில் எதையாவது ஏற்றிவிட்டுக் கேட்கிறவர்கள் ஒரு கண்ணை அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் பேச்சு வந்தால் எனக்குக் கொஞ்சம் நீளும்.

எங்களுக்கு வேலை தருகிறவர்கள் பெரும்பாலும் பிரான்சில் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு ரீயூனியனையும் நம்மையும் தொட்டுக் கொச்சி, பினாங்கு என்று போகும் சாஃப் கடலடிக் கேபிள் 2002இல் வேலை செய்யத் தொடங்கியது. நம் பக்கம் அது கரையேறுவது தெற்கே பே து ஜாகோத்தேயில். எபேனில் கரும்பு நின்ற இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பியது அதற்குப் பிறகுதான். அவர்களுக்குக் கோடை என்றால் அவர்கள் கடிகாரம் நம்மைவிட 2 மணி நேரம் பிந்தி ஓடும், குளிர்காலம் என்றால் 3 மணி நேரம். அங்கே சாயங்காலக் காப்பி குடிக்கும்போது இங்கே விளக்கு வைத்தாகிவிடும். அதனால் ராத்திரிச் சமையலில் பாதியைக் காலையிலேயே முடித்துவிட்டுத்தான் மெட்ரோ ஏறுவேன். கழுவி நறுக்கி வைப்பது, பருப்பை வேகவைப்பது, புளியை ஊறப்போடுவது எல்லாம் காலையில். தாளிப்பது மட்டும் ராத்திரி.

மசாலா அரைப்பது ஞாயிற்றுக்கிழமை, ரோஸ் கரி என்று நாம் சொல்கிற அம்மிக்கல்லில். மிக்ஸி இருக்கும்போது இந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறாய் என்று என் வீட்டுக்காரரே கேட்கிறார். பழம்பெருமைக்காக இல்லை. ஒரு பிடி மசாலாவை மிக்ஸியில் போட்டால் பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். அது கீழே இறங்கத் தண்ணீர் ஊற்றுகிறோம். தண்ணீர் கூடிப்போனால் எண்ணெயில் போட்டவுடன் தெறிக்குமே தவிர வதங்காது. கல்லில் கொத்தமல்லி, சீரகம், மிளகாய், மஞ்சள் எல்லாவற்றையும் ஈரம் காட்டி ஈரம் காட்டி இழுத்தால் கெட்டியாக வரும். எண்ணெயில் போட்டதும் ஒட்டி நின்று நிறம் மாறி, ஓரத்தில் எண்ணெய் பிரியும். அந்த எண்ணெய் பிரிகிற நேரத்துக்குத்தான் இத்தனை பாடும். அதற்கு முன்னால் காயைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். அடுத்தவர் வீட்டு அடுப்படி என்பதால் பேசாமல் இருந்துவிடுவேன்.

புரட்டாசியில் கோவிந்தன் பூசை வரும், தைப்பூசக் காவடி முடிந்தால் கோவில் பந்தி வரும். பந்தியில் பரிமாறுகிற ஏழு கறிக்கு எங்கள் உறவில் ஆளுக்கொரு கறி என்று பங்கு. வாழைக்காய் சின்ன அத்தைக்கு. பலாக்காய் மாமாவுக்கு, ஏனென்றால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பால் ஒட்டாமல் வெட்டப் பொறுமை உள்ள ஒரே ஆள் அவர்தான். பூசணி, குரோ புவா என்கிற பெரிய பயறு, அச்சார், சாத்தினி என்று மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். எனக்கு ரசோன். எங்கள் வீட்டில் அது முருங்கைக்கீரை ரசமாகத்தான் இருக்கும், கிரியோல் மொழியில் பிரேத் முரும் என்கிற அந்தக் கீரையைப் போட்டு.

முருங்கைக்கீரை ஆய்வது தெரியும் அல்லவா? உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் கொப்புகளை அப்படியே ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் பெரும்பாலான இலை தானாகவே கொட்டிவிடும், மிச்சத்தை உருவிக்கொள்ளலாம். பூண்டு, மிளகு, சீரகத்தை ஒன்றிரண்டாகத் தட்டி, தக்காளியும் புளித்தண்ணீரும் கொதித்து வரும்போது போட வேண்டும். கீரையைக் கடைசியில் போட்டு, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். மூடி போட்டு வேகவைத்தால் கசந்துவிடும். மூடி போடாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், மூடி போடாதீர்கள். கடுகு, காய்ந்த மிளகாய், கரிபூலே என்கிற கறிவேப்பிலை தாளிப்பு மேலே.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்றால், லியோனில் படிக்கிற என் அண்ணன் மகள் போன வருடக் குளிரில் போன் போட்டு, "அத்தை, ரசோன் எப்படி வைக்கிறது?" என்று கேட்டாள். எழுதி அனுப்பினேன். அப்புறம் மெல்பர்னிலிருந்து ஒரு பையன், மொன்ரியாலிலிருந்து ஒரு பெண். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பி மாளவில்லை. குடும்பத்துக்கென்று ஒரு பக்கம் கட்டினேன். பெரியம்மா, சின்ன அத்தை, மாமா மூவரும் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது. தமிழில் ஒரு பாதி, கிரியோலில் ஒரு பாதி.

அந்தப் பக்கத்தில் படம் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் இதில் மனத்தாங்கல். வெப்சைட் செய்கிறவள் வீட்டு வெப்சைட்டில் ஒரு போட்டோகூட இல்லையா என்று கேட்கிறார்கள். அத்தனை சமையல் குறிப்பும் சேர்ந்து ஒரு போட்டோவின் எடைகூட வராது. சிக்னல் சரியில்லாத மாடி அறையிலும் தட்டியவுடன் திறக்கும். எதைத் தேடினாலும் கிடைக்கும். இன்னொன்றும் உண்டு, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. லியோன்காரி மாவு பிசைந்த கையோடு போனைத் தொட முடியாமல், போனையே வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அது தமிழில் வாசித்திருக்கிறது! "அத்தை, போன்ல ஒரு அம்மா ரொம்ப மரியாதையா 'பெருங்காயம் ஒரு சிட்டிகை'ன்னு சொல்றாங்க" என்று சிரித்தாள். கிரியோல் பகுதியை அவள் போன் பிரெஞ்சுக் குரலில் வாசித்த கூத்தை நான் இங்கே நடித்துக் காட்ட மாட்டேன்.

கண் தெரியாதவர்களுக்காக வந்த வசதி அது. மாவுக் கைக்காரிக்கும் உதவியது. ஆனால் அது வாசிக்க வேண்டுமென்றால் இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும், படமாக இருக்கக் கூடாது. அதோடு, இந்த வரி தமிழ், இந்த வரி பிரெஞ்சு என்று பக்கத்தின் உள்ளே மொழிக்குறி போட்டிருக்க வேண்டும். அந்தக் குறி திரையில் தெரியாது. போடாவிட்டாலும் பக்கம் அழகாகத்தான் இருக்கும், வாடிக்கையாளரும் பணம் கொடுத்துவிடுவார். ஆனால் வாசிக்கும் மென்பொருள் தமிழைப் பார்த்து விழிக்கும், அல்லது தாண்டிப் போய்விடும். வேலை மேல் உனக்கு இவ்வளவு பற்று எப்படி என்று கேட்கிறார்களே, என்னைப் பிடித்து வைத்திருப்பது இந்த மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத வேலைதான். வண்ணம் தீட்டுவது, படம் பறக்கவிடுவது எல்லாம் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும்.

இப்போது வேலைப் பேச்சுக்கு வந்துவிட்டேன். இங்கேதான் என் பழைய பல்லவி. ரோஸ் ஹில்லில் இருக்கிற பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை. தமிழ் நன்றாகப் படிப்பார், சின்ன வயதில் கோவில் வகுப்பில் படித்தது. ஒரு கோவிலிலிருந்து வாட்ஸ்அப்பில் விழா அறிவிப்பு வந்தது, படமாக. பின்னணியில் மயில், மேலே வேல், பூ, தங்க நிறத்தில் எழுத்து. பெரியம்மா இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்குகிறார். இழுக்க இழுக்க எழுத்து கட்டம் கட்டமாகக் கலங்குகிறது. "இது ஆறு மணியா, எட்டு மணியா பாரும்மா" என்றார். எனக்கும் தெரியவில்லை. கோவிலுக்குப் போன் போட்டுத்தான் கேட்டோம். அதே செய்தியை நாலு வரி எழுத்தாக அனுப்பியிருந்தால் போனில் எழுத்தின் அளவைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா தானே படித்திருப்பார். கண் முடியாதவர் போனை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். அடுத்த மாதம் தேடினாலும் அகப்பட்டிருக்கும். படத்தை அனுப்புங்கள், மயில் அழகாகத்தான் இருக்கிறது. அதன் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் போடுங்கள்.

ஏன் படமாக அனுப்புகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். சோம்பல் இல்லை, பயம். எழுத்தாக அனுப்பினால் உடைந்துபோகும் என்ற பயம். ஒரு காலத்தில் அது நியாயமான பயம்தான். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்கள் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி போட்டவை. பாமினியில் 'வணக்கம்' என்று அடித்து, அந்த எழுத்துரு இல்லாத ஒருவருக்கு அனுப்பினால் அவருக்கு என்ன தெரியும் தெரியுமா? டி, இசட், எஃப், ஒரு அரைப்புள்ளி, இன்னொரு எஃப், கே, இன்னொரு அரைப்புள்ளி. வணக்கம் சொன்னவர் திட்டினாரா என்று சந்தேகம் வந்துவிடும். அந்தக் காலம் போய்விட்டது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் என்ற குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துக்குத் தனி இடம் உண்டு, 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே கொடுத்துவிட்டார்கள். இன்றைய போன் எதிலும் தமிழ் எழுத்தாகவே போய்ச் சேரும். பயப்படாமல் அனுப்பலாம்.

பேனர் அடிக்கிற இடத்தில் மட்டும் இன்னும் தகராறு. 'கொடியேற்றம்' என்ற சொல்லை மனதுக்குள் எழுதிப் பாருங்கள். முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால். கை அப்படித்தான் எழுதும். கணினிக்குள் இருப்பது வேறு வரிசை. அங்கே முதலில் 'க', அதன் பின்னால் ஒகரக் குறி. காட்டும்போது கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்து வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அச்சக மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும், தலைப்பாகையை முழங்காலில் கட்டிய மாதிரி. நான் இதைக் காவடி பேனரில் பார்த்திருக்கிறேன், கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். அந்த மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அச்சகத்துப் பையனுக்குத் தமிழ் தெரியாது, அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியது.

இதில் எனக்கு ஒரு ஆச்சரியம் உண்டு. 1998இல் நம் நாட்டுப் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது நம் ஆட்கள் எப்படிக் கொதித்தார்கள் என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நோட்டைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடியும் அச்சிட வேண்டி வந்தது. எழுத்து எந்த வரியில் நிற்கிறது என்பதற்கு அவ்வளவு வைராக்கியம் காட்டிய நாம், நம் கோவில் வாசலில் கொம்பு இடம் மாறி நிற்பதைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம். நோட்டு பாக்கெட்டில் இருக்கிறது, பேனர் தலைக்கு மேல் தொங்குகிறது. இரண்டும் நம் எழுத்துதானே?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். மலைக்கு எழுதி வைத்தது முழுப் பக்கம் இருக்கிறது. சுருக்கிச் சொல்கிறேன். வேலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு லெ பூஸ் போதும், 812 மீட்டர்தான். மோக்கா பக்கமிருந்து கரும்புத் தோட்டத்தின் ஊடே ஏறினால் அதிகம் திணறாது. உச்சிக்குக் கீழே இருக்கிற சமவெளியிலிருந்தே போர்ட் லூயிஸ் துறைமுகம் முழுதாகத் தெரியும். அதற்கும் நேரமில்லை என்றால் காத்ர் போர்னில் கோர் த கார்ட் சரிவில் இருக்கிற முருகன் கோவில் படி ஏறி இறங்குங்கள். லெ பூஸுக்கு ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நல்ல நேரம். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், கடைசி ஏற்றத்தில் பாறை வழுக்கும். கொய்யா பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது... சரி, ஒரு விரல்தான் பாக்கி.

ரசோனுக்கு மூடி போடாதீர்கள். கோவில் அறிவிப்புப் படத்துக்குக் கீழே நாலு வரி எழுத்தாகப் போடுங்கள். கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.