வராத பன்றி

நடுவர் அவர்களுக்கு வணக்கம். மேடைக்கு வணக்கம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போய்க் காவடி இறக்கிவிட்டு, வலிக்கிற காலை நீட்டக்கூட இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும் நகரி மக்களுக்குக் கூடுதலாக ஒரு வணக்கம்.

வில் வேட்டையில் வேடனுக்குப் பெருமை தருவது குறி தவறாத அம்பா, கூட வந்த கூட்டாளியா என்று கேட்டிருக்கிறார்கள். கூட்டாளியே என்று பேச வந்திருக்கிறேன். அம்பைக் கொடுத்திருந்தால் அம்பைப் பேசியிருப்பேன். அது வேறு விஷயம்.

என் தாத்தா கதை ஒன்று இருக்கிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இது அதற்கு முந்தியது. முன் வரிசையில் இருக்கும் வனத்துறைக்காரர் குறிப்பெடுக்க வேண்டாம்.

தாத்தாவும் அவருடைய பங்காளியான சின்னத் தாத்தாவும் மூன்று வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கிணற்றில் முறைத் தண்ணீர்த் தகராறு. ஆனால் வேர்க்கடலைக் காட்டில் பன்றி இறங்கியபோது இரண்டு பேரும் வில்லோடு ஒன்றாகத்தான் போனார்கள். வேட்டையில் வாய் திறக்கக் கூடாது அல்லவா? இருவருக்கும் வசதியாகப் போயிற்று.

விடிவதற்கு முன் புதரில் ஏதோ அசைந்தது. தாத்தா நாணை இழுத்து விட்டார். ‘டொப்’ என்று ஒரு சத்தம். பிறகு சொட்டுச் சொட்டாக ஏதோ விழுகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். அம்பு பட்ட விலங்கு பட்ட இடத்திலேயே விழுவது அபூர்வம். ரத்தம் சிந்திக்கொண்டே ஓடும். உடனே துரத்தினால் இன்னும் தூரம் போய்விடும். பொறுத்திருந்து, சொட்டைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். கடைசியாக ரத்தம் தெரிந்த இடத்தில் ஒருவன் நிற்க, மற்றவன் முன்னே தேடுவான். தனி ஆளால் ஆகிற வேலையா இது?

ஆகவே தாத்தா நின்றார். சின்னத் தாத்தா இருட்டில் தவழ்ந்து போனார். ஈரத்தை விரலால் தொட்டார். முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். மூன்று வருடங்களுக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினார்: “அண்ணே, பன்றி புளிக்கிறது.”

ஈச்ச மரம் குட்டைதானே! அதில் கட்டியிருந்த கள்ளுக் கலயத்தை அம்பு துளைத்திருந்தது. மரக்காரன் கத்திக்கொண்டு ஓடி வர, தாத்தா பாறையிலிருந்து குதித்தார். கால் முறிந்தது.

சின்னத் தாத்தா அவரைத் தோளில் தூக்கிச் சாலை வரை வந்து, வண்டி பிடித்துப் புத்தூருக்குக் கொண்டு போனார். முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்கள். வில்லும் மூங்கில், கட்டும் மூங்கில். “எப்படி உடைந்தது?” என்று வைத்தியர் கேட்டார். தாத்தா வாய் திறப்பதற்குள் சின்னத் தாத்தா சொன்னார்: “பன்றி முட்டிவிட்டது.”

அன்று அது ஆட்டுக்குட்டி அளவுப் பன்றி. ஏகாம்பரகுப்பம் டீக்கடைக்கு வரும்போது கன்றுக்குட்டி. என் அப்பா கல்யாணத்துப் பந்தியில் அதற்குக் கோரைப்பல் ஒரு முழம் வளர்ந்துவிட்டது. எனக்குக் காதுகுத்தும்போது அது ஜோடியோடு வந்தது. சொன்னது எல்லாம் சின்னத் தாத்தா. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து மீசையைத் தடவியதோடு சரி.

எதிரணித் தலைவர் சற்றுமுன் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். “கூட்டாளி பெரியவன் என்றால், காளத்தி மலையில் திண்ணனை விட்டுவிட்டு நாணனும் காடனும் ஏன் ஓடினார்கள்?” கண்ணப்பர் ஆவதற்கு முன் அவர் பேர் திண்ணன். நம் பக்கத்துக் காளத்தியை வைத்து நம்மையே மடக்குகிறாராம்.

ஐயா, பெரியபுராணத்தை முதலிலிருந்து படியுங்கள். வேட்டைக் கூட்டம் முழுவதும் பின்தங்கியபோது, பன்றிக்குப் பின்னால் காத தூரம் திண்ணனோடு ஓடியவர்கள் யார்? இந்த இருவர்தான். அங்கே தண்ணீர் இருக்கிறது, பொன்முகலி ஓடுகிறது என்று சொன்னவன் நாணன். இந்த மலையில் குடுமித் தேவர் இருக்கிறார், கும்பிடலாம் வா என்றவனும் நாணன். தீக்கடைந்தவன் காடன். நாணன் வாய் திறக்காமல் இருந்திருந்தால் திண்ணன் பன்றிக்கறி தின்றுவிட்டு உடுப்பூர் திரும்பியிருப்பான். கண்ணப்பர் ஏது?

ஓடினார்களாம்! எங்கே ஓடினார்கள்? நேராகப் போய் அப்பன் நாகனிடம் சொன்னார்கள். நாகனும் பதறிக்கொண்டு மலைக்கு வந்தார். ஐயா, உங்கள் பையன் கோயிலுக்குப் போனவன் இரவெல்லாம் வீடு திரும்பவில்லை என்றால், அவன் நண்பன் உங்களுக்குப் போன் செய்வானா, மாட்டானா? செய்தால் அவனை ஓடிப்போனவன் என்பீர்களா?

இன்னொன்று. அந்தப் பன்றி அம்பால் சாகவே இல்லை. திண்ணன் அதைக் குத்தியது சுரிகை என்ற குத்துவாளால். நீங்கள் கொண்டாடுகிற அம்பு கடைசியில் எதற்கு உதவியது? தன் கண்ணைத் தானே பெயர்த்து எடுக்க. அதில் குறி எங்கே இருக்கிறது? அன்புதானே இருக்கிறது!

நடுவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன்.

புறநானூற்றின் 150-ஆம் பாட்டில் வன்பரணர் ஒரு வேட்டைக்காரனைச் சொல்கிறார். காட்டில் பசித்துக் கிடந்த புலவர் கூட்டத்துக்கு அவனே தீக்கடைந்து, கறி சுட்டுத் தந்து, கழுத்து ஆரத்தையும் கழற்றிக் கொடுத்தான். எந்த நாடு என்று கேட்டார்கள், சொல்லவில்லை. பேர் கேட்டார்கள், அதையும் சொல்லவில்லை. அவன் வள்ளல் நள்ளி என்பதை வழியில் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள்.

சின்னத் தாத்தா இறந்த அன்று என் தாத்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்த வாசலில் நின்றார். கால் அப்போதும் சற்று வளைந்துதான் இருந்தது. ஒப்பாரி நின்ற நேரம் பார்த்து, எல்லோரும் கேட்கச் சொன்னார்: “பன்றியே வரவில்லை. நான் எய்தது கள்ளுக் கலயம். இவன்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனான்.”

யாரும் சிரிக்கவில்லை. திண்ணையோரம் உட்கார்ந்திருந்த மரக்காரக் கிழவர் மட்டும் எழுந்தார். “எனக்குத் தெரியும் சாமி. மறுநாளே வந்து கலயத்துக்குக் காசு கொடுத்தார். யாரிடமும் சொல்லாதே, அண்ணன் மனசு கஷ்டப்படும் என்றார்.”

தாத்தா வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கிணற்றுக்குப் போனார். அன்று எங்கள் முறை. மண்வெட்டியை வாங்கி மடையை அவர்கள் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். அதன் பிறகு எங்கள் முறைத் தண்ணீர் முதலில் அவர்கள் காட்டுக்குத்தான் போகிறது. இன்று காலையும் போனது. நான்தான் மடை திருப்பிவிட்டு வந்தேன். வணக்கம்.